பிந்தி ஓடிய மணிக்கூடு

எங்கள் பள்ளிவாசல் மணிக்கூடு பிந்தி ஓடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதிகமில்லை, நாலைந்து நிமிஷம். கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி, மகாவலி ஓரமாக மேலே ஏறுகிற ஒரு குறுக்குப் பாதையில் இருக்கிற சின்னப் பள்ளி அது. தொழுகைக் கூடத்தின் முன்சுவரில் பெரிய டீவி ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் அந்த நேரத்து மணியும் ஐந்து வேளைத் தொழுகை நேரங்களும் பச்சை எழுத்தில் தெரியும். பக்கத்து அறையில் இருக்கிற பழைய கொம்பியூட்டர்தான் அதை ஓட்டுகிறது. தொழுகை நேரம் வந்ததும் எழுத்தெல்லாம் சிவப்பாகி, கொம்பியூட்டர் ஒரு தடவை கத்தும். மோதினார் எழுந்து மைக்குக்கு முன்னால் நின்று, ஆட்களைத் தொழுகைக்கு அழைக்கிற பாங்கைச் சொல்வார்.

வருகிறவர்கள் கையில் இருக்கிற போனைப் பார்ப்பார்கள், டீவியைப் பார்ப்பார்கள், இரண்டும் பொருந்தவில்லையே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பள்ளி மணிக்கூடு அப்படித்தான். எனக்கு மட்டும் அதைக் காணும்போதெல்லாம் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். நான் கண்டியில் ஒரு பாடசாலையில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால்கூட, அவர்களுடைய போனை வாங்கி வேண்டாததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் தேத்தண்ணீரில் கை வைப்பேன். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அது என் குணம்.

“ஒரு நிமிஷ வேலை இது, நான் சரி செஞ்சி தாறேன்” என்று பள்ளியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். மணிக்கூட்டில் கை வைக்க வேண்டாமாம், பள்ளியின் பழைய தலைவர் சொல்லிவிட்டுப் போனாராம். பழைய தலைவர் மவுத்தாகி, மண்ணுக்குள் போய்ப் பல வருஷம். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. “மணிக்கூட்டுக்கும் ஜின் பிடிச்சீக்கோ?” என்று நான் பகிடி பண்ணுவேன். அவர்களும் சிரிப்பார்கள். ஆனால் கை வைக்க விடமாட்டார்கள். படிக்காத சனம், ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். இதை இப்போது எழுதும்போதே காது சுடுகிறது.

அந்த நோன்பு மாதத்தில் என் மகளுக்கு ஏழு வயது. அவள் முதன்முதலாக முழு நோன்பு பிடித்த நாளில்தான் இது நடந்தது. அதற்கு முந்தைய வருஷம் மத்தியானம் வரை பிடித்து, சோறு கண்டதும் விட்டுவிட்டாள். இந்த முறை முழுசாகப் பிடித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மனைவி பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். பிள்ளை மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று லீவு போட்டாள். சின்னதுக்கு இதெல்லாம் கடமை இல்லை என்று எவ்வளவு சொல்லியும் மகள் கேட்கவில்லை. விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எழுப்ப முதலே எழும்பி, முகம் கழுவி, மேசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

காலை நன்றாகத்தான் போனது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் வந்து, “நாக்கக் காட்டு பாப்பம்” என்றார்கள். நோன்பு பிடித்த நாக்கு வெள்ளையாக இருக்கும் என்பது பிள்ளைகளுடைய சட்டம். இவள் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டினாள். மத்தியானத்துக்குப் பிறகு ஆட்டம் அடங்கியது. சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, “வாப்பா, இன்னம் எவ்வளவு நேரம் ஈக்கி?” என்று கேட்கத் தொடங்கினாள். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் குடிக்கிறாயா என்று மனைவி கேட்டபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்போதுதான் மோதினார் எனக்குப் போன் எடுத்தார். அவர் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்தவர், பதுளைப் பக்கத்து ஆள். ஒரு காரியத்தைக் கேட்கவே பத்துத் தடவை மன்னிப்புக் கேட்கிற சுபாவம்.

“சேர், நான் ஒண்ணும் செய்யல்ல. கொம்பியூட்டர் தானா நிண்டு, நீல நிறமா என்னமோ சுத்திச் சுத்தி, இப்ப டீவில ஒண்ணும் இல்ல. மத்தியானம் லுஹருக்கு ரேடியோவக் கேட்டுத்தான் பாங்கு சொன்ன.”

அப்டேட்தான் என்று கேட்ட உடனே விளங்கிவிட்டது. பின்னேரத்து அசர் தொழுகைக்குப் போனேன். தொழுகை முடிந்ததும் அந்த அறையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மூன்று பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் எனக்குக் கை இன்னும் வேகமாக ஓடும்.

நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கஷ்டமான வேலைதான். அப்டேட் ஆனதில் டீவிக்குப் படம் அனுப்புகிற பகுதியே குழம்பிப் போயிருந்தது. பழைய ட்ரைவரைத் தேடிப் போட்டதும் டீவி விழித்துக்கொண்டது. அடுத்து, சத்தம் வரவில்லை. கொம்பியூட்டர் சத்தத்தை வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது, அதைத் திருப்பினேன். பிறகு, அந்தத் தொழுகை நேர ப்ரோக்ராம் திறக்க மறுத்தது. யார் செய்தது என்று தெரியாததாம், ஆபத்தானதாம். பழைய முறையில் ஓடு என்று அதற்கு உத்தரவு கொடுத்து, தடுப்பைத் தளர்த்தி, ஒரு வழியாகத் திறக்க வைத்தேன். டீவியில் பச்சை எழுத்து வந்ததும் வாசலில் நின்றவர்கள், “மாஷா அல்லா” என்றார்கள்.

அங்கேயே எழுந்து போயிருக்கலாம். என்னைக் கூப்பிட்டது அவ்வளவுக்குத்தான்.

ஆனால் மணிக்கூடு என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. வழக்கம்போலப் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைத் தானாகச் சரிபார்க்கும் சுவிட்சை யாரோ வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தார்கள். அப்டேட் அதைத் தொடவில்லை. நான் மவுஸை அதன் மேல் கொண்டுபோனேன். பின்னால் நின்ற மோதினார் தொண்டையைச் செருமினார்.

“சேர், மணிக்கூட்டுல கை வெக்க வேணாமாம். பழைய தலைவர் சொன்னதாம்.”

“பழைய தலைவர் காலத்துல இதுக்கு இன்டர்நெட் இல்ல” என்றேன். “இப்ப அதுவே சரியான நேரத்த எடுத்துக்கும். பாருங்க.”

அழுத்தினேன். சுவிட்ச் நீலமானது. மணி ஒரு தாவு தாவி என் போனோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த திருப்தியைச் சொல்லி மாளாது. அத்தோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. மோதினாருடைய கையைப் பார்த்தேன். அவர் கட்டியிருந்த மணிக்கூடும் பள்ளி மணிக்கூட்டைப் பார்த்து வைத்தது, அதுவும் பிந்தியிருந்தது. “இதையும் மாத்துங்க” என்று சொல்லி, அவர் திருகி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, “மகள், இண்டைக்கு நீ அந்த அஞ்சு நிமிஷம் சும்மா காத்திருக்கத் தேவையில்ல. பள்ளி மணிக்கூட வாப்பா சரி செஞ்சிட்டேன்” என்றேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மவுஸைப் பிடித்திருந்தபோது மகள் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. பள்ளியில் கொடுத்த நோன்புக் கஞ்சி, மனைவி பொரித்த சமோசா, சர்பத், ஈத்தம்பழம். மகளுக்கென்று தனியாக ஒரு தட்டில் ஈத்தம்பழத்தை வைத்து, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூவையும் வைத்திருந்தாள் மனைவி. வழக்கமாக நான் நோன்பு திறக்கப் பள்ளிக்குப் போய்விடுவேன். அன்றைக்கு மகளோடு திறக்க வேண்டும் என்று வீட்டில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலைக்குப் பின்னால் சூரியன் போய் வெகுநேரம். எங்கள் பகுதியில் அப்படித்தான். உண்மையில் சூரியன் மறைவதற்கு நிறைய நேரத்துக்கு முன்னமே மலை அதை மறைத்துவிடும். வானத்தைப் பார்த்து நோன்பு திறக்கிற வழக்கம் இங்கே ஒருவருக்கும் இல்லை. பாங்குதான் எங்களுக்குக் கணக்கு.

பாங்கு கேட்டது. மோதினாருடைய குரல் அன்றைக்கு மணிமணியாகக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, இடைஞ்சல் இல்லாமல். மற்ற நாட்களில் எங்கள் பாங்கும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பள்ளியின் பாங்கும் கொஞ்சம் முன்பின்னாக ஒன்றின்மேல் ஒன்று விழும். எது யாருடையது என்று பிரித்துக் கேட்க முடியாது. அன்றைக்கு எங்களுடையது மட்டும்தான்.

“இண்டைக்கு நம்மட பள்ளிதான் ஃபர்ஸ்ட்” என்றேன்.

மகள் கையை ஏந்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்த நோன்பு திறக்கும் துஆவை முழுசாக ஓதினாள். ஓரிடத்தில் தடுக்கினாள். திரும்ப முதலிலிருந்து ஓதினாள். பிறகு ஈத்தம்பழத்தை வாயில் போட்டாள். நான் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். சர்பத்தை இரண்டு கையாலும் பிடித்து மூச்சு விடாமல் குடித்தாள். கஞ்சிக் கோப்பையில் கரண்டியைப் போட்டாள்.

மனைவிதான் முதலில் கரண்டியை வைத்தாள்.

“இஞ்சப் பாருங்க. அக்கரைல இப்பதானே பாங்கு சொல்ற?”

கேட்டது. ஆற்றைத் தாண்டி, மெல்லியதாக, அப்போதுதான் தொடங்குகிற பாங்கு.

“அவங்க லேட்டு” என்றேன். யோசிக்காமல் வந்த பதில். சொல்லி வாயை மூட முதல் மேலே மலையில் இருக்கிற பள்ளியில் பாங்கு தொடங்கியது. அதோடு சேர்ந்து டவுன் பக்கமிருந்து இன்னொன்று. பிறகு எங்கிருந்தெல்லாமோ. கண்டியில் இருக்கிற எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் லேட்டாக முடியாது.

சமையலறைச் சுவரில், மீரா மக்காம் பள்ளிவாசல் பக்கத்துக் கடையொன்றில் கொடுத்த காலண்டர் தொங்கிக்கொண்டிருக்கிறது. நோன்பு திறக்கும் நேரம் கண்டிக்கென்று நாள்வாரியாக அச்சடித்தது. வருஷம் முழுக்க அதற்குக் கீழே நின்றுதான் நான் தண்ணீர் குடிக்கிறேன். மனைவி எழுந்து போய் அதைப் பார்த்தாள், சுவர் மணிக்கூட்டையும் பார்த்தாள்.  வந்து உட்கார்ந்து, மேசைவிரிப்பில் சிந்தியிருந்த கஞ்சியைத் துடைத்தாள்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய் நிறையக் கஞ்சி. விழுங்காமல் வைத்துக்கொண்டு, கையால் வாயைப் பொத்தியபடி கேட்டாள்.

“வாப்பா, துப்பவா?”

அவளுக்கு என்ன சொல்வது? துப்பத் தேவையில்லை, இப்போதுதான் உண்மையாகவே நேரம் வந்திருக்கிறது, இனித் தாராளமாகச் சாப்பிடலாம், முதலில் சாப்பிட்டதுதான் பிழை. இதை ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்த வாயால் சொல்ல? “விழுங்குங்க மகள்” என்று மனைவி சொன்னாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஓடியது பள்ளிக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மேசையை விட்டு ஓடினேன் என்பதுதான் சரி.

பள்ளியில் ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கஞ்சிக் கோப்பைகள் பாதியில் நின்றன. மோதினார் மைக்குக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய காது சிவந்திருந்தது. தொழுகை முடிந்ததும், அதை நடத்திய மௌலவி எழுந்து, நிதானமாக, யாரையும் குறை சொல்லாமல் சொன்னார். எங்கள் பாங்கைக் கேட்டு நோன்பு திறந்தவர்களுடைய இன்றைய நோன்பு கூடவில்லை, அது செல்லாது. தெரியாமல் நடந்ததால் பாவம் இல்லை. ஆனால் நோன்பு மாதம் முடிந்த பிறகு, இன்னொரு நாளில் அதைக் களாச் செய்ய வேண்டும், அதாவது திரும்பப் பிடிக்க வேண்டும். இதை ஸ்பீக்கரிலும் சொன்னார், வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் கேட்க வேண்டுமே. பாதை நெடுக ஒவ்வொரு வீட்டிலும் அது கேட்டிருக்கும். என் வீட்டிலும்.

நான் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். மோதினாரும் பின்னால் வந்து நின்றார். காரணத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. ப்ரோக்ராமின் அடி மூலையில், சின்ன எழுத்தில், ஊர்ப் பெயர் இருந்தது. மட்டக்களப்பு. பின்னேரம் அதைத் திறக்க வைக்கப் போராடியபோது என் கண்ணில் பட்டதுதான். பட்டும் மண்டையில் ஏறவில்லை. பல வருஷத்துக்கு முன் கிழக்குப் பக்கத்துப் புடவை வியாபாரி ஒருவர் இந்த டீவியையும் கொம்பியூட்டரையும் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. தன் ஊர்ப் பள்ளிக்குச் செய்த ப்ரோக்ராமை அப்படியே போட்டுக் கொடுத்திருக்கிறார். கிழக்குக் கரையில் சூரியன் எங்களுக்கு நாலைந்து நிமிஷம் முன்னமே மறைந்துவிடும். உள்ளே இருக்கிற நேரங்களை மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறது. அதனால் பழைய தலைவர் ஒரே ஒரு வேலை செய்திருக்கிறார். மணிக்கூட்டைப் பிந்த வைத்துவிட்டார். மணி பிழை, பாங்கு சரி. இத்தனை வருஷமும் அக்கரைப் பாங்கோடு எங்கள் பாங்கு சேர்ந்து விழுந்தது அதனால்தான். அதைத் தினமும் என் காதாலேயே கேட்டேன். மணி பிந்தினால் பாங்கும் பிந்தும் என்று நானாக முடிவு கட்டினேனே தவிர, ஒரு நாளும் ஒத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு வகுப்பில் நான் முதல் சொல்லிக் கொடுப்பது, ஒன்றை மாற்ற முதல் அது ஏன் அப்படி இருக்கிறது என்று பார் என்பது.

அடுத்த வெட்கம் அதைத் திரும்பப் பிழையாக்குவதில் வந்தது. மணியைப் பின்னுக்கு இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் தாவிச் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. சுவிட்சை அணைத்து மறுபடி இழுத்தேன். ரீஸ்டார்ட் பண்ணியதும் திரும்ப வந்து நின்றது. பின்னேரம் நான் அழுத்திய சுவிட்ச், தானாக நேரம் பார்க்கிற இன்னொரு வேலையையும் உள்ளே கிளப்பிவிட்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். கடைசியில் வைஃபையையே மறக்கச் செய்து, கொம்பியூட்டரை உலகத்திலிருந்து பிரித்து வைத்த பிறகுதான் அது பிந்தி ஓடச் சம்மதித்தது. இந்தத் தடவை வாசலில் யாரும் நின்று பார்க்கவில்லை.

மோதினார் மட்டும் நின்றார். கை மணிக்கூட்டின் திருகியைப் பிடித்துக்கொண்டு, “சேர், இப்ப எவ்வளவுக்கு வெக்கிற?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டார். அந்த மனிதருக்கு இன்னும் என்மேல் நம்பிக்கை இருந்தது. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இராத் தொழுகையான இஷாவுக்கு முன் பள்ளியின் இப்போதைய தலைவர் மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தார். “கொம்பியூட்டர்ல அப்டேட் ஒண்டு வந்ததால இந்தக் கோளாறு நடந்தீக்கி. நம்மட சேர் நோன்போட வந்து மினக்கெட்டுச் சரி செஞ்சி தந்தீக்கார். அல்லா அவருக்கு நற்கூலி குடுக்கணும்” என்றார். சபையில் ஆமீன் கேட்டது. எனக்கு உடம்பு கூசியது. எழுந்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். மைக்கைக் கொடுத்தார்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன்? நெட்வொர்க் டைம் சின்க் எனேபிள் ஆனது, சிஸ்டம் க்ளொக்குக்கும் ப்ரோக்ராம் டேட்டாவுக்கும் இடையில் இருந்த ஓஃப்செட் இல்லாமல் போனது, அதுதான் காரணம், அப்டேட் இல்லை. ஒரு பொய்யும் இல்லை. ஒருவருக்கும் விளங்கவும் இல்லை. நான் சுவிட்சை அழுத்தினேன் என்கிற மூன்று சொல் என் வாயிலிருந்து வரவில்லை. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். தலைவர் என் தோளைத் தட்டி, “அதான் நானும் சொன்ன” என்றார்.

செருப்பு வைக்கும் இடத்தில் ஒருவர் என்னைப் பிடித்தார். சந்தையில் மூட்டை தூக்குகிறவர், எனக்கு அடுத்த வரிசையில் தொழுகிறவர். “பரவாயில்ல சேர், மனசுல வெச்சிக்காதீங்க” என்றார். “இண்டைக்கு லொறி ரெண்டு வந்திச்சி. நல்லா தாகம். அல்லா பாத்துக்குவான், இன்னொரு நாளைக்குப் பிடிச்சாப் போச்சி.” சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு லொறி மூட்டையைச் சுமந்துகொண்டு பிடித்த நோன்பு அது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அன்றைக்கு, நோன்பு இரவுகளில் தொழுகிற தராவீஹுக்கு நான் நிற்கவில்லை.

வீட்டில் மகள் எனக்காகக் காத்திருந்தாள். மௌலவி ஸ்பீக்கரில் சொன்னது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“வாப்பா, என்ட நோன்பு கூடல்லயா?”

“உங்களுக்குக் கடமை இல்ல மகள். சின்னப் பிள்ளைதானே. அல்லா ஏத்துக்குவான்” என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்.

“கூடிச்சா, கூடல்லயா?”

“கூடல்ல” என்றேன்.

“ஆர் மணிக்கூட மாத்தின?”

பள்ளியில் சொன்ன வார்த்தைகள் ஒன்றும் இங்கே செல்லாது. சின்க், ஓஃப்செட் என்று இவளிடம் சொல்ல முடியாது. “வாப்பாதான்” என்றேன்.

“ஏன்?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. எனக்குத் தெரியும் என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டியிருந்தது, அதுதான் பதில். அவளிடம் அதைச் சொல்லவில்லை. “பிழையா நினைச்சிட்டேன்” என்றேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. காலையிலிருந்து என்னென்ன விட்டாள் என்று சொல்லிக்கொண்டு போனாள். அடுத்த வீட்டுப் பிள்ளை கொடுத்த டொபி, உம்மா சமோசா பொரித்தபோது வந்த வாசம், வாய் கொப்பளித்தபோது தெரியாமல் உள்ளே போகப் பார்த்த தண்ணீரைத் துப்பியது. ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், “அப்ப நாளைக்குப் பிடிக்கிற” என்றாள்.

மனைவி வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். இரண்டு நாள் தொடர்ந்து பிடித்தால் உடம்புக்கு ஆகாது, அடுத்த கிழமை பிடிக்கலாம் என்றாள்.  வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இருக்கவில்லை. அடுத்த நாள் சஹருக்கும் அவள்தான் முதலில் எழும்பினாள்.

இரண்டாவது நாள் முதல் நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு வேலியோரம் போய் நாக்கைக் காட்டவில்லை. “எவ்வளவு நேரம் ஈக்கி?” என்று என்னிடம் கேட்கவும் இல்லை. உம்மாவிடம் கேட்டாள். பின்னேரம் நான் பள்ளிக்குப் போய் மணி பிந்தித்தான் ஓடுகிறதா என்று பார்த்தேன். காலண்டரையும் போனையும் வைத்து, அசர் பாங்கை ஒத்துப் பார்த்தேன். திரும்ப ஒரு தடவை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னேன். “ம்” என்றாள்.

மேசையில் கஞ்சி, சர்பத். ரோஜாப்பூ இல்லை. நேரம் நெருங்கியபோது நான் நல்ல ஈத்தம்பழம் ஒன்றாகப் பார்த்து எடுத்து, கொட்டையை நீக்கி வைத்துக்கொண்டேன். எங்கள் பள்ளியில் மோதினார் குரல் எழும்பியது. நான் பழத்தை அவளுடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கோபமும் இல்லை அந்த முகத்தில். காதை ஜன்னல் பக்கம் கொடுத்துக்கொண்டு, “அக்கரைலயும் சொல்லட்டும் வாப்பா” என்றாள்.

மற்ற நாளில் இரண்டு பாங்குக்கும் இடையில் மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. அன்றைக்கு அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது. ஆற்றுக்கு அக்கரையில் பாங்கு தொடங்கிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அதுவரைக்கும் நான் கையை நீட்டியபடியே இருந்தேன்.